ஆடி போகட்டும் என்றேன்

2025 ஜூன் 12, வியாழன்

மெஸ்ஸில் இன்று யாரோ பிறந்தநாள் விருந்து வைத்துவிட்டார்கள். கழுவிய தட்டு கொஞ்சநஞ்சமல்ல. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துக் கிடக்கிறது, பேனா வழுக்குகிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பதினான்கு வருடம் கோழிப் பண்ணையில் ஷெட் நோட்டு எழுதின கை இது. எத்தனை கோழி செத்தது, எந்த மருந்து விட்டோம், எப்போது கரண்ட் போனது என்று தினமும் தேதி போட்டு எழுதிப் பழகிவிட்டது. இப்போது எழுத ஷெட்டும் இல்லை, கோழியும் இல்லை. மிச்சம் நான்தான். என்னையே எழுதிக்கொள்கிறேன்.

நாமக்கல் டவுனில், வீடில்லாதவர்கள் தங்கும் இல்லம். கீழே ஆண்கள், மேலே பெண்கள். காலை எட்டு மணிக்கு வெளியே போய்விட வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். நான் வந்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். பக்கத்துக் கட்டில் பாவாயி அக்கா. அறுபது தாண்டியிருக்கும். எவ்வளவு நாளாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நாலு வருடம் என்றார். நாலு மாதம் என்பதைத்தான் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பவும் கேட்டேன். நாலு வருடமேதான்.

நான் அப்படி இருக்க மாட்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 13

எப்படி இங்கே வந்தாய் என்று மெஸ்ஸில் ஒருத்தி கேட்டாள். வாயை மூடிக்கொண்டு தட்டைத் தேய்த்தேன். இங்கே சொல்கிறேன்.

பண்ணையில் ஜோடிக்குத்தான் வேலை. புருசன் தீவன மூட்டை தூக்க வேண்டும், பெண்டாட்டி முட்டை பொறுக்க வேண்டும். தங்குவதற்கு ஷெட்டை ஒட்டி ஓர் அறை. இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் வழக்கமே அதுதான். மார்ச் மாதம் என் புருசன், என் பையன் யோகேஷின் அப்பா, மூட்டையை இறக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. முதலாளி குமரகுருவைக் குறை சொல்ல மாட்டேன், காரியம் வரைக்கும் கூடவே நின்றார். காரியம் முடிந்த மறுநாள் வந்து தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சரிதா. ஒத்தையாளுக்கு ரூம் குடுத்தா வேலைக்கு வர்ற ஜோடி எங்க தங்கறது, சொல்லுங்க?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே புது ஜோடி கேட்டுக்கு வெளியே பெட்டியோடு நின்றது. அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றும் கிடையாது என்று எழுதத்தான் ஆசை. இருந்தது. இன்னும் இருக்கிறது.

பிறகு மல்லசமுத்திரத்தில் கொழுந்தனார் வீட்டில் ஒரு மாதம். ஓரகத்தி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. என் தட்டை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. பண்ணையில் திரும்பவும் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் போலீஸ்தான் இங்கே கொண்டுவந்து விட்டார்.

ஜூன் 17

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மலர்விழி மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒரு பாரம் நிரப்பச் சொன்னாள். ஒவ்வொருவரும் எத்தனை நாளாகத் தங்கியிருக்கிறார்கள், காரணம் என்ன என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். வேலையின்மை, நோய், குடிப்பழக்கம், குடும்பத் தகராறு, பிற. கட்டத்தில் டிக் போட்டால் போதும்.

பாவாயி அக்காவிடம் கேட்டேன். வேலை செய்ய உடம்பில் தெம்பு இருக்கிறது, நோய் இல்லை, குடி இல்லை.

"தகராறா அக்கா?"

"எங்கூட்டுல என்ன தகராறு சாமி? என் பசங்க தங்கம். ரெண்டு பேரும் பெங்களூருல ஊடு பாத்துட்டு இருக்கறானுங்க. பாத்ததும் வந்து கூட்டிட்டுப் போவானுங்க."

நாலு வருடமாகவா வீடு பார்க்கிறார்கள்? பிற என்று டிக் போட்டேன். எனக்கும் பிற. எல்லோரையும் எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் பாதிப் பேர் பிறவில்தான் இருந்தோம்.

ஜூன் 22, ஞாயிறு

யோகேஷுடன் பேசினேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, ஹாஸ்டலில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமைதான் பேச முடியும்.

அவனுக்கு நான் இங்கே இருப்பது தெரியாது. பண்ணையிலேயே இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். முதலாளி இரக்கப்பட்டு இருக்க விட்டார் என்று. இருபத்திரண்டு வயதுப் பையன், அப்பனைப் புதைத்துவிட்டுப் போனவன், அம்மாவும் நடுத்தெருவில் என்று தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான். வந்து என்ன செய்வான்? அதனால் சொல்லவில்லை.

அது மட்டுமா காரணம்? வெட்கமாகவும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

எங்கிருந்து பேசுகிறேன் தெரியுமா? மெஸ்ஸுக்கு நாலு கடை தள்ளி ஒரு கறிக்கோழிக் கடை. அதன் கூண்டுப் பக்கம் நின்று பேசுகிறேன். பின்னால் கோழிச் சத்தம் கேட்கும், பண்ணை என்று நம்புவான். கடைக்காரர் வாரா வாரம் என்னைப் பார்த்துக் கத்தியை நிறுத்திவிட்டு, "எவ்வளவுங்க?" என்கிறார். வேண்டாம் என்று கையாட்டுகிறேன். இந்த வாரம் முறைத்தார்.

ஜூலை 2

பண்ணைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கோகுல்ராஜ் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தான். வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.

"வேலை எத்தனை வேணும்? ஜோடி இருந்தா இன்னிக்கே ஏத்தி உட்டுருவேன். ஒத்தையா இருந்தா நான் என்ன பண்றதுங்கக்கா? யாரையாச்சும் ஜோடி சேத்திக்குங்க" என்று சிரித்தான்.

சிரிப்புத்தான். ஆனால் எனக்குள் அது இறங்கிவிட்டது. ஆறு மணிக்கு இல்லத்து வாசலில் கேட் திறக்கக் காத்திருக்கும்போது கீழ் ஹாலில் இருக்கும் அன்பரசுவைப் பார்த்தேன். லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர், ஒரு கண் மங்கிவிட்டது, அதோடு பட்டறையும் அவரை விட்டுவிட்டது. மூட்டை தூக்குவார். கண் மங்கினால் என்ன, மூட்டை பெரிதாகத்தானே இருக்கிறது.

ஜோடி என்று சொல்லிப் பண்ணைக்கு வருகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் "பேருக்குத்தானுங்களே?" என்றார். பேருக்குத்தான் என்றேன். என் முகம் சூடாகிவிட்டது. நாற்பத்து நான்கு வயதில் இதெல்லாம் ஒரு பேச்சா?

ஜூலை 5, சனி

எருமப்பட்டி பக்கம் ஒரு பண்ணை. கோகுல்ராஜ் வண்டியில் கூட்டிப் போனான். அன்பரசு சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார், எங்கே போய்ப் போட்டாரோ. வழியெல்லாம் நான் ஒப்பிக்க வைத்தேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். ஊர் மல்லசமுத்திரம். ஒரே பையன், திருப்பூரில்.

முதலாளி ரொம்ப விசாரிக்கவில்லை. காபி கொடுத்தார். "எத்தனை பசங்க?" என்றார், பேச்சுவாக்கில்.

நான் "ஒரு பையனுங்க" என்றேன். அதே நேரத்தில் அன்பரசு "ரெண்டு பொண்ணுங்க" என்றார்.

முதலாளி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். கோகுல்ராஜ் திரும்பி வரும் வழியெல்லாம் திட்டினான். இனி அவன் எனக்கு வேலை பார்த்துத் தர மாட்டான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நானும் கத்தினேன். "ஒரு பையன்னு சொல்றதுக்கு என்னங்க கஷ்டம் உங்களுக்கு?"

"வாயில வரலீங்க" என்றார். "எம் பொண்ணுங்க ரெண்டும் இருக்குதுங்க. இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

என்னால் அதற்கு மேல் கத்த முடியவில்லை. ஆனால் அறை போனது போனதுதான்.

ஜூலை 18, ஆடி வெள்ளி

இன்று மனசு ஒரு நிலையில் இல்லை.

மலர்விழி மேடம் வீடு பார்த்துவிட்டாள். மோகனூர் ரோட்டில் லைன் வீடு, வரிசையாக ஐந்து. அதில் கோடி வீடு காலி. ஒரே அறை, பின்னால் பொதுக் குழாய். வீட்டுக்காரர் காளியப்பன், லாரி ஓட்டி ஓய்ந்தவர். என்னை நேரில் கூட்டிப்போய்க் காட்டினாள். சன்னல் இருக்கிறது. கதவுக்கு உள்பக்கம் தாழ் இருக்கிறது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். மெஸ் சம்பளத்தில் வாடகை கட்டிவிடலாம்.

"நாளைக்கே வந்துருங்க, எனக்கொண்ணும் இல்லை" என்றார் காளியப்பன். தனிப் பொம்பளை என்று முகம் சுளிக்கவில்லை, ஆதாரில் ஏன் பண்ணை விலாசம் இருக்கிறது என்று கேட்கவில்லை.

நான்தான் சொன்னேன். "ஆடி போகட்டுங்க. ஆவணி ஒண்ணாந்தேதி வாரேன்."

ஜூலை 19

மலர்விழிக்கு அப்படி ஒரு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"நடுத்தெருவுல நிக்கறவங்களுக்கு ஆடி என்னக்கா, ஆவணி என்னக்கா? ஊடே இல்லாதவங்க ஆடியில குடி போனா என்ன கெட்டுப் போயிரும்?"

அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் அவர் போய் நாலு மாதம்தான் ஆகிறது. துக்கம் விழுந்த வருடம், அதில் ஆடி மாதம், அதில் புதுக்குடி. யாராவது செய்வார்களா? பாலைக் காய்ச்சும்போது என் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே. எனக்கு ஏதாவது ஆனால் ஆகட்டும். யோகேஷுக்கு ஒன்று ஆகிவிட்டால்? இருப்பது ஒரே பிள்ளை. இதை மலர்விழியிடம் சொன்னால் சிரிப்பாள், அவளுக்குப் பிள்ளை இல்லை.

முப்பது நாள்தானே. இத்தனை நாள் இருந்துவிட்டேன், முப்பது நாள் பெரிதா? காளியப்பனும் சரி பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

பாவாயி அக்கா மட்டும் என் பக்கம். "நீ சொன்னதுதான் சரி சாமி. ஆடியில யாரு ஊடு மாத்துவா?"

ஜூலை 24

ஆடி அமாவாசை. அவருக்கு எள்ளும் தண்ணியும் விட ஒரு வாசல் இல்லை. மெஸ் குழாயடியில் நின்று கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. மெஸ் லீவு. பாவாயி அக்காவோடு மோகனூருக்கு பஸ் ஏறினேன். காவிரியில் தண்ணீர் நன்றாகப் போகிறது. கரை முழுக்கப் பெண்கள், மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு. நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அக்கா சாமி கும்பிட வரவில்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது. நாற்பது வயது ஆண் யார் போனாலும் கிட்டப் போய் முகத்தைப் பார்க்கிறார். ஒருத்தன் "என்னங்கம்மா வேணும்?" என்று பையைத் துழாவிக் காசு எடுத்தான். அக்கா அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

"சின்ன வயசுல வருசா வருசம் இங்கதான் கூட்டிட்டு வருவேன். எங்க இருந்தாலும் பதினெட்டுக்கு வருவானுங்க" என்றார்.

இல்லத்தில் யார் எப்போது போகிறார்கள் என்று நானும் மூன்று மாதமாகப் பார்க்கிறேன். யாருமே இல்லாதவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். கிடைத்த வேலைக்கு, கிடைத்த மூலைக்கு. பிள்ளை இருக்கிறவர்கள்தான் நகர மாட்டேன் என்கிறார்கள். நான் எந்த வகை?

ஆகஸ்ட் 9

அன்பரசு போய்விட்டார். மேச்சேரி பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்டுப்பட்டிக்குக் காவல், படுக்கத் தகரக் கொட்டகை. நேற்று மதியம் சொன்னார்களாம், நேற்றே கிளம்பிவிட்டார். ஆடி பார்க்கவில்லை. போய் வருகிறேன் என்று என்னிடம் சொல்லச் சொல்லி மலர்விழியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

போனேன். மஞ்சளும் பால் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டே போனேன், மடச்சி.

கோடி வீட்டு வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. உள்ளே கட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காளியப்பன் என்னைப் பார்த்ததும் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அவர் வீட்டம்மா மாரக்காள்தான் வந்து பேசினார்.

"ஏனுங்க, நீங்க அப்பவே வந்திருந்தா குடுத்திருப்பமுங்க. ஆடியில யாரும் வரமாட்டாங்க, காலியாத்தானே கெடந்துச்சு. ஆவணி பொறக்கறதுக்கு முன்னாடியே நாலு குடும்பம் வந்து கேட்டுருச்சு. குடும்பம் இருக்கறப்ப ஒத்தைப் பொம்பளைக்கு எப்படிங்க குடுக்கறது? நீங்களே சொல்லுங்க."

அப்போதுதான் மண்டையில் ஏறியது. காளியப்பன் பெரிய மனசு பண்ணி எனக்கு வீடு தரவில்லை. ஆடி மாதம், அதனால் தந்தார். யாரும் கேட்காத மாதத்தில்தான் என்னைப் போன்றவளுக்கு வீடு கிடைக்கும். அந்த மாதத்தைத்தான் நான் வேண்டாம் என்றேன்.

பால் பாக்கெட்டைப் பாவாயி அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

செப்டம்பர் 4

விதவைப் பணத்துக்கு எழுதிப் போட வி.ஏ.ஓ. ஆபீஸ் போனேன். ஆதாரில் இருக்கிற ஊருக்குப் போகச் சொன்னார். அந்த ஊருக்குப் போனேன். இப்போது எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே கேளுங்கள் என்றார் அந்த ஊர் வி.ஏ.ஓ. இப்போது எங்கே குடியிருக்கிறேன்? பஸ் செலவுதான் மிச்சம்.

செப்டம்பர் 21

புரட்டாசி. வீடு கேட்டு எங்கும் போகவில்லை. போகவும் தோன்றவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. யாரோ சங்கத்துக்காரர்கள் வந்து ஆளுக்கொரு சேலை கொடுத்து நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். முகத்தைச் சேலைக் கவரால் மறைத்துக்கொண்டேன், யோகேஷ் போனில் பார்த்துவிட்டால்? அவன் ஊருக்கு வருகிறேன் என்றான். பண்ணையில் நோய் விழுந்திருக்கிறது, வெளியாட்களை உள்ளே விடுவதில்லை, வராதே என்றேன். என் வாயில் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது! அன்பரசுவுக்கு வராதது.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று ஒரு புதுப் பெண் வந்தாள். கையில் குழந்தை, கண்ணெல்லாம் வீங்கி. மலர்விழி அவளிடம் சொன்னாள், "சரிதாக்காகிட்ட கேட்டுக்கோ. அவங்க இங்க பழைய ஆளு."

பழைய ஆள்!

நானும் அவளுக்கு எல்லாம் காட்டினேன். எந்தக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும், எந்தக் கட்டிலில் மழை ஒழுகும், பை மாட்ட ஆணி எங்கே. காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் கேட்டாள், நான் எவ்வளவு நாளாக இருக்கிறேன் என்று. ஆறு மாதம் என்றேன். அவள் கண்ணில் வந்தது ஒரு பார்வை. ஜூன் மாதம் நான் பாவாயி அக்காவைப் பார்த்த அதே பார்வை.

கோழிக்கடைக்குப் போகவில்லை. யோகேஷ் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. என்ன பேசுவது? கோழி நன்றாக இருக்கிறது என்றா?

நவம்பர் 23

மூன்று ஞாயிறாக எடுக்கவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று மெசேஜ் மட்டும் போட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

யோகேஷ் வந்துவிட்டான்.

நான் மெஸ்ஸிலிருந்து வரும்போது இல்லத்து வாசலில், பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தான். மலர்விழி பார்வையாளர் நோட்டில் கையெழுத்து வாங்கியிருந்தாள். மெலிந்து போயிருக்கிறான். ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், சத்தியமாக.

"இங்க இருக்கறேன்னு யாருடா சொன்னது?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"முட்டை வண்டி டிரைவரு. உன்னைய மெஸ்ல பாத்தேன், இந்த இல்லத்துலதான் தங்கறியாம்னு சொன்னாரு. போனு எடுக்கலைன்னதும் பயந்துட்டேம்மா."

"பண்ணையிலதான் இருக்கறேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, போதும்." தலையைக் குனிந்துகொண்டே பேசினான். "எட்டு வயசுல இருந்து பண்ணையில வளந்தவன் நானு. கறிக்கோழிக் கடைச் சத்தத்துக்கும் ஷெட்டுச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? எவ்வளவுங்கன்னு ஒருத்தரு வாரா வாரம் கேக்கறாரு."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத வாரமே."

"அப்பறம் ஏன்டா கேக்கல?"

சேரின் கையை நகத்தால் சுரண்டினான். அப்புறம் சொன்னான். "கேட்டா உன்னையக் கூட்டிட்டுப் போகோணுமே. எங்கம்மா கூட்டிட்டுப் போறது? எட்டுப் பேரு படுக்கற ரூமுக்கா?"

இரண்டு பேரும் அழுதோம். அந்தப் புதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏழு மாதம் நான் அவனிடம் மறைத்தேன், தனக்குத் தெரியும் என்பதை அவன் என்னிடம் மறைத்தான். அம்மாவுக்குப் பிள்ளை, பிள்ளைக்கு அம்மா. நல்ல பொருத்தம்தான்.

கிளம்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "திருப்பூருல ஊடு பாக்கறேம்மா. ஆனா மார்கழி பொறக்கப் போகுது, இப்ப குடி போக முடியாது. தை பொறக்கட்டும். தை ஒண்ணாந்தேதி வந்து கூட்டிட்டுப் போறேன். இன்னும் ஒரு மாசந்தான்."

சரி சாமி என்றேன். பஸ் ஏறும் வரை கூடப் போனேன்.

டிசம்பர் 8

பாவாயி அக்காவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோசம். "பாத்தியா, என் பசங்களும் அப்பிடித்தான் சொன்னானுங்க. தை பொறக்கட்டும்னு."

எந்தத் தை என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 10

யோகேஷ் பொய் சொல்கிறவன் இல்லை. தையில் வருவான் என்று எனக்குத் தெரியும். ஆனால் தையில்தான் ஊரே வீடு மாறும். திருப்பூரில் கேட்கவே வேண்டாம், புதுசாகக் கல்யாணமானவர்களெல்லாம் வரிசையில் நிற்பார்கள். ஹாஸ்டல் பையனுக்கும் தாலி இல்லாத அம்மாவுக்கும் யார் கொடுப்பார்கள்? மாசி ஆகும். பங்குனியில் அவருக்கு வருசம் திரும்பும், அது முடியட்டும் என்போம். சித்திரையில் வேறொன்று. நான் பழைய ஆள் ஆகிவிட்டேன் அல்லவா, இந்த வழி எனக்கு அத்துப்படி.

அவன் கெட்டவன் இல்லை. பாவாயி அக்காவின் பசங்களும் முதலில் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

டிசம்பர் 17, மார்கழி 2

ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று மெஸ்ஸில் சொல்லிவிட்டு மோகனூர் ரோட்டுக்குப் போனேன். மலர்விழியிடம்கூடச் சொல்லவில்லை.

லைன் வீட்டில் மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. கார்த்திகையோடு காலி பண்ணிவிட்டார்களாம். காளியப்பன் என்னை அடையாளம் கண்டுகொண்டார், முகம் கோணியது.

"அந்த ஊடு கேக்கறனுங்க" என்றேன்.

"தை பொறக்கட்டுமுங்க, பாக்கலாம்."

"தையில கேட்டா குடுக்க மாட்டீங்க. குடும்பம் வரும். இப்ப குடுங்க, நாளன்னிக்கு வாரேன். ஒரு மாசம் சும்மாதானுங்களே பூட்டிக் கெடக்கும்?"

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. மாரக்காள் வெளியே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மார்கழியிலயா? ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆயிராதா?"

"ஆகறதெல்லாம் ஆயிருச்சுங்க எனக்கு."

அவர் புருசனைப் பார்த்தார். காளியப்பன் உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

டிசம்பர் 18

பாவாயி அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் படுக்கலாம் அக்கா, சமையல் சேர்த்துச் செய்யலாம், எனக்கும் துணை என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"நீ போ சாமி. என் பசங்களுக்கு இந்த எடந்தான் தெரியும். தேடி வந்துட்டு நான் இல்லைன்னா?"

"மலர்விழிகிட்ட என் நம்பரு குடுத்து வெக்கறேன் அக்கா. வந்தா சொல்லுவாங்க."

"நம்பர எவன் பாப்பான்? ஆளப் பாக்கோணும்" என்றார். கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார், நான் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று பயந்தவர் போல.

எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

குடி வந்துவிட்டேன். ஒரு பை, ஒரு பாய், ஒரு வாளி. மலர்விழி ஒரு கேஸ் அடுப்பு கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் போனதும் பால் காய்ச்சினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, நினைத்த மாதிரியேதான். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்: உங்க மகனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, பாத்துக்குங்க.

யோகேஷுக்குப் போன் பண்ணினேன். "மார்கழியிலயாம்மா?" என்று பதறினான். ஆமாம் என்றேன். அப்புறம் விலாசம் சொன்னேன், இரண்டு தடவை. கதவு நம்பரோடு.

டிசம்பர் 28, ஞாயிறு

காலை முதல் பஸ்ஸுக்கே யோகேஷ் வந்துவிட்டான். அறையைச் சுற்றிப் பார்த்தான், சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது, நின்ற இடத்திலேயே திரும்பினான். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தான். கத்திரிக்காய்க் குழம்பும் சோறும் வைத்தேன், மூன்று தரம் வாங்கித் தின்றான்.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று பாயில் சாய்ந்தான். பதினோரு மணி இருக்கும். வாய் திறந்து, கை கால் நாலு பக்கமும் விரித்துப் போட்டு அப்படி ஒரு தூக்கம். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது, பொதுக் குழாயடியில் சண்டை வந்தது, எதற்கும் அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பன் போன அன்றைக்கு எனக்கு அறை போனது என்றுதான் இத்தனை நாளும் எழுதினேன். அந்த அறைதான் அவனுக்கும் வீடு. ஒன்பது மாதமாக அவனுக்கும் வீடில்லை. எனக்கு அது ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

ஐந்தரை மணிக்கு அவனுக்கு பஸ். இப்போது ஐந்தே கால். நான் எழுப்பப் போவதில்லை.